எப்பம் போறீய?

விடுமுறையில் ஊருக்கு வருகிறவர்களை அம்பாசமுத்திரத்தில் இரண்டு கேள்விகள் வரவேற்கும். "எப்பம் வந்தீய?" என்பது ஒன்று. பதில் சொல்லி முடிப்பதற்குள் "எப்பம் போறீய?" என்பது அடுத்தது. வெளியூர்க்காரர்களுக்கு இது விரட்டுவதுபோலத் தோன்றலாம். விஷயம் அப்படியில்லை. இருக்கப்போகும் நாட்களைத் தெரிந்துகொண்டால்தான் எந்த நாள் யார் வீட்டில் சாப்பாடு, எந்த நாள் பாபநாசம், யாரைப் பார்க்காமல் போனால் வருத்தப்படுவார்கள் என்று அவர்களால் கணக்குப் போட முடியும். 1981-இல் கல்யாணமாகித் தில்லிக்குப் போன நான் ஒவ்வொரு விடுமுறையிலும் இந்த இரண்டுக்கும் பதில் சொல்லியிருக்கிறேன். இரண்டாவது கேள்விக்குத் தேதியைச் சொல்லும்போது தொண்டை அடைக்கும்.

2017-இல் என் வீட்டுக்காரர் பணி ஓய்வு பெற்று, சாமான்களையெல்லாம் லாரியில் ஏற்றிவிட்டு நாங்கள் மொத்தமாக வந்து இறங்கியபோதும் அதே இரண்டு கேள்விகள்தான். "போகல பெரியம்மை, இனி இங்ஙனதான்" என்றேன். என் வீட்டுக்காரரைப் பெற்றவளின் அக்காள் அவள். எங்கள் வளவிலேயே மூத்தவள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எல்லாவளும் அப்பிடித்தான் சொல்லுதா. ரெண்டு மழ பெய்ஞ்சா பிள்ளைய வீட்டப் பாத்துப் போயிருவா" என்றாள்.

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. வளவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. எதிர்வீட்டுப் பிள்ளைகள் பெங்களூரில், அடுத்த வீட்டுக்காரர்கள் அமெரிக்காவில். ஓய்வுக்காலத்தை ஊரில் கழிக்கிறேன் என்று வந்து, தார்சாவுக்குப் புதுத்தளம் போட்டு, பட்டாசலில் ஏசி மாட்டி, அடுத்த வருஷமே பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளக் கிளம்பிப் போனவர்களை அவள் பார்த்திருக்கிறாள். ஊரோடு இருந்து ஊரைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு, திரும்பி வருகிறவர்களை உடனே நம்பவேண்டிய கட்டாயம் ஒன்றும் இல்லை.

நான் பிறந்தது கல்லிடைக்குறிச்சி, தாமிரபரணிக்குத் தென்கரை. வாக்கப்பட்டது வடகரையில் அம்பாசமுத்திரம். நடுவில் ஒரு பாலம்தான். மாப்பிள்ளைக்குத் தில்லியில் மத்திய அரசு வேலை, நாலைந்து வருஷத்தில் மதராஸுக்கு மாற்றல் வாங்கிவிடுவார், பிறகு நினைத்தபோது வந்து போகலாம் என்று சொல்லித்தான் சம்பந்தம் பேசினார்கள். தலைமைச் செயலகப் பணியில் சேர்ந்தவர்களுக்குத் தில்லியே கதி என்பது பேசியவர்களுக்கும் தெரியாது, என் அம்மாவுக்குக் கடைசிவரைக்கும் தெரியாது. ஒவ்வொரு இன்லண்ட் கடிதத்திலும் "மாற்றல் விஷயம் என்ன ஆயிற்று" என்று ஒரு வரி எழுதுவாள்.

அப்போது ஊருக்கு வருவதென்பது பெரிய பாடு. புதுதில்லியில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸைப் பிடித்தால் இரண்டு ராத்திரி தாண்டி மதராஸ் சென்ட்ரல். அங்கிருந்து மூட்டை முடிச்சுகளோடு எழும்பூர். சாயந்தரம் மீட்டர் கேஜில் நெல்லை எக்ஸ்பிரஸ். விடிந்தபிறகு திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கி, செங்கோட்டை போகும் பாசஞ்சருக்குக் காத்திருக்க வேண்டும். சேரன்மகாதேவி, வீரவநல்லூர் தாண்டி, கல்லிடைக்குறிச்சியில் வண்டி நிற்கும்போது என் தம்பி பிளாட்பாரத்தில் ஓடிவந்து ஜன்னல் வழியாக ஒரு தூக்குச்சட்டியைக் கொடுப்பான். உள்ளே சுடச்சுட உளுந்தங்களி இருக்கும். வண்டி நிற்கும் நேரத்தில் அதைக் கொடுத்து, என் குழந்தையைத் தொட்டுப் பார்த்து, "நாளைக்கு அம்மா வருவா" என்று சொல்லவே அவனுக்குப் பொழுது சரியாக இருக்கும்.

இப்போது அந்தத் தடம் அகலப்பாதையாகிவிட்டது. 2012-இல் தென்காசிவரை புது ரயில் ஓடத் தொடங்கியது. நிஜாமுதீனில் திருக்குறள் எக்ஸ்பிரஸில் ஏறினால் எங்கும் மாறாமல் திருநெல்வேலியில் இறங்கலாம். பாதை இப்படிச் சுலபமானபோது, ஊரில் எனக்காகப் பிளாட்பாரத்துக்கு வரக்கூடியவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்திருந்தார்கள். தம்பியும் இல்லை.

தில்லியின் முதல் குளிர்காலம் எனக்கு மறக்காது. கரோல்பாகில் ஒரு மாடி அறை. இட்லி மாவு பொங்கவே பொங்காது. பாத்திரத்துக்கு ரஜாய்ப் போர்வையைச் சுற்றி, அங்கீட்டிக் கரியடுப்புக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் மறுநாள் காலையில் அரைத்தபடியே இருக்கும். கடைக்குப் போனால் விரலால் காட்டி வாங்கவேண்டும். வீட்டுச் சொந்தக்காரர்கள் எங்களை ஒரு தினுசாகப் பார்ப்பார்கள். சாம்பார் கொதிக்கும் வாசனைக்கு ஜன்னலைச் சாத்துவார்கள். கார்த்திகைக்குக் கார்த்திகை ராமகிருஷ்ணபுரம் மலை மந்திருக்குப் போய்விடுவோம். 1973-இல் குடமுழுக்கு ஆன அந்த முருகன் கோயில் பிராகாரத்தில்தான் எங்கள் பேச்சு காதில் விழும். சாமி கும்பிட்டது பாதி, யார் பேசுகிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்டது பாதி.

பிறகு நேதாஜி நகரில் அரசுக் குடியிருப்பு கிடைத்தது. அடுத்த வீடு ஒரு சீக்கியக் குடும்பம். அந்த அம்மாவை எல்லோரும் பீஜி என்று கூப்பிடுவார்கள்; நானும் அப்படியே கூப்பிட்டேன். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தியும் தெரியாது, பஞ்சாபியும் தெரியாது. என் தலைப்பிரசவத்தின்போது இரவில் வலி எடுத்து, அரசு மருத்துவமனைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனது அவர்தான். சீட்டு எழுதும் இடத்தில் என்ன கேட்கிறார்கள் என்றே எனக்குப் புரியவில்லை. எனக்கு என்ன வயது, எத்தனை மாதம், எங்கே வலிக்கிறது என்று என் முகத்தையும் கையையும் பார்த்தே தெரிந்துகொண்டு அத்தனைக்கும் பீஜி பதில் சொன்னார். விடியும்வரை என் இடுப்பைத் தேய்த்துவிட்டுக்கொண்டே இருந்தார். என் அம்மாவுக்குத் தந்தி போய்ச் சேர்ந்தபோது குழந்தை பிறந்து ஒருநாள் ஆகியிருந்தது.

1984 நவம்பர் தொடக்கத்தில், சீக்கியர்களுக்கு எதிரான கலவரத்தின்போது, பீஜி வீட்டின் பெயர்ப்பலகையை என் வீட்டுக்காரர் ஸ்க்ரூடிரைவரால் கழற்றி எங்கள் அரிசி டின்னுக்குள் போட்டார். பீஜியும் அவர் கணவரும் இரண்டு பிள்ளைகளும் எங்கள் உள்ளறையில் விளக்கில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். பையன்கள் சிலர் வந்து கதவைத் தட்டி, பக்கத்து வீட்டு சர்தார் எங்கே என்று கேட்டார்கள். ஊருக்குப் போய்விட்டார்கள் என்று எனக்கு வந்த இந்தியில் சொன்னேன். என் இந்தியைக் கேட்டதும், தெற்கிலிருந்து வந்த இவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்திருப்பார்கள், போய்விட்டார்கள். அந்த நாட்களில் தில்லியில் மட்டும் 2,733 பேர் கொல்லப்பட்டதாக அரசுக் கணக்கு பிறகு சொன்னது. ஊரைச் சேராதவள் என்று எத்தனையோ இடங்களில் என்னைத் தள்ளிவைத்த ஒன்று, அன்றைக்கு என் வீட்டுக்குள் இருந்தவர்களுக்குக் காவலாக நின்றது.

அடுத்த வருஷமே அவர்கள் லூதியானாவுக்குப் போனார்கள். ஊருக்குப் போகிறோம் என்று பீஜி சொல்லவில்லை. அவருடைய ஊர் ராவல்பிண்டி. 1947-இல் சிறுமியாக அங்கிருந்து வந்தவர், பிறகு அதைப் பார்த்ததே இல்லை. விடைபெறும்போது, உனக்குத் திரும்பிப்போக ஒரு ஊர் இருக்கிறது, விட்டுவிடாதே என்று என்னிடம் சொன்னார். அதற்குள் எனக்கு இந்தி புரியத் தொடங்கியிருந்தது.

அந்தச் சொல்தான் எங்களை இங்கே கொண்டுவந்தது என்று நான் நம்புகிறேன். மகன் ஹைதராபாத்தில் வீடு வாங்கி, எங்களுக்கென்று ஓர் அறையும் ஒதுக்கியிருந்தான். தில்லியிலேயே துவாரகா பக்கம் ஒரு ஃபிளாட் பார்க்கலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். பிள்ளைகள் வளர்ந்த இடம், நான் பல வருஷம் பாடம் சொல்லிக்கொடுத்த தமிழ்ப் பள்ளி, தில்லித் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் எல்லாம் அங்கேதான் இருந்தன. ஆனாலும் எங்கள் அரசுக் குடியிருப்பை நாங்கள் காலிசெய்தபோது, நேதாஜி நகர் தன் கடைசிக் காலத்தில் இருந்தது. அதையும் சரோஜினி நகர், நௌரோஜி நகர் முதலியவற்றையும் சேர்த்துத் தெற்குத் தில்லியின் ஏழு அரசுக் குடியிருப்புகளை இடித்துப் புதிதாகக் கட்ட மத்திய அமைச்சரவை 2016-இல் ஒப்புதல் கொடுத்திருந்தது. 14,000-க்கு மேல் மரங்கள் போகும் என்று தெரிந்ததும் 2018 ஜூனில் மக்கள் மரங்களைக் கட்டிப்பிடித்து நின்றார்கள். உயர் நீதிமன்றம் வெட்டுவதை நிறுத்திவைத்தது. அந்தப் படங்களை நான் அம்பாசமுத்திரத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வேம்பும் நாவலும் நின்ற அந்தத் தெருவில்தான் என் பிள்ளைகள் சைக்கிள் பழகினார்கள். பிறகு வீடுகள் தரைமட்டமாயின. ஆக, எனக்கும் திரும்பிப் பார்க்க முடியாத ஊர் ஒன்று உண்டு.

இங்கே வந்து இறங்கியதும் நான் முதலில் செய்தது அரிசி வாங்கியது. அம்பை 16 என்று எங்கள் பக்கத்தில் சொல்லும் குண்டு ரகம், 1986-இல் இந்த ஊர் நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்டது. என் ஊர் பேரைச் சுமந்த அந்த நெல், நான் போனபிறகு பிறந்து, ஊரெங்கும் இட்லியாகவும் தோசையாகவும் ஆனபோது, நான் தில்லியில் பர்மல் அரிசியில் மாவரைத்துக்கொண்டிருந்தேன். முதல் நாள் அரைத்து வைத்த மாவு ராத்திரியே பொங்கி மூடியைத் தள்ளி அடுக்களைத் தரையெல்லாம் வழிந்தது. விடிகாலையில் அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்சநேரம் நின்றேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஆற்றைப் பார்த்தபோது அந்தச் சந்தோஷம் இல்லை. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல்சேரும் வரைக்கும் தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டாத, வருஷம் முழுக்க ஓடும் ஆறு இது. நான் சிறுபிள்ளையாக இருந்தபோது விடியற்காலையில் படித்துறையில் குளித்துவிட்டு, கொஞ்சம் உள்ளே தள்ளிப்போய் அப்படியே குடத்தில் மொண்டு வருவோம், அதுதான் குடிதண்ணீர். இன்றைக்கு அதே தெருவில் காலையில் கேன் தண்ணீர் வண்டி வருகிறது. விருதுநகர் மாவட்டம்வரைக்கும் குழாயில் போய்த் தாகம் தீர்க்கும் ஆற்றின் கரையில் இருப்பவர்கள் காசுகொடுத்துத் தண்ணீர் வாங்குகிறார்கள். பாபநாசத்தில் பரிகாரம் என்று சொல்லி உடுத்த துணியை ஆற்றோடு விட்டுவிட்டுப் போகிறார்கள். இளைஞர்கள் இறங்கி டன் கணக்கில் வாரிப்போடுகிறார்கள். அடுத்த அமாவாசைக்கு மறுபடியும் அவ்வளவு துணி. பாவம் போகவேண்டும் என்று வருகிறவர்கள் ஆற்றுக்குச் செய்கிற இந்தக் கொடுமையை என்னால் பொறுக்க முடியவில்லை. படித்துறையில் நின்று சொல்லியும் பார்க்கிறேன். சிலர் கேட்கிறார்கள்.

ஊரில் உட்காருவது நினைத்ததைவிடக் கடினமாகத்தான் இருந்தது. கடைத்தெருவில் என்னைத் தெரிந்தவர்கள் இல்லை. "எந்த வீடு?" என்று கேட்டு, மாமனார் பேரைச் சொன்னால், "ஓ, தில்லிக்காரவுகளா!" என்பார்கள். கல்யாண வீட்டில் மறுவீட்டுச் சொதி பரிமாறும்போது என்னை உட்காரவைத்துப் போடுவார்களே தவிர, வாளியை என் கையில் தரமாட்டார்கள். பரிமாறுவது ஊர்க்காரர்கள் வேலை, விருந்தாளிக்கு இலைதான். துஷ்டி வீடுகளில் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. இறந்துபோன அத்தையின் கடைசி வருஷங்களை, யார் கஞ்சி கொடுத்தது, யார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனது என்பதையெல்லாம் பெண்கள் பேசிப்பேசி அழுதார்கள். நானும் அழுதேன். ஆனால் நான் அழுதது நான் அறிந்த அத்தைக்கு, அவள் வாலிபமாக இருந்த காலத்துக்கு. கூட இருந்து பார்க்காத வருஷங்களுக்கு அழ எனக்கு உரிமை இருந்ததாக நான் நினைக்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் எனக்குப் பழக்கமான இந்திப் பேச்சு தெருவில் கேட்கத் தொடங்கியது. தார்சாவுக்குத் தளக்கல் பதிக்க மேஸ்திரி கூட்டிவந்த இரண்டு பையன்களும் பீகாரிகள். பரோட்டாக் கடையில் மாவு பிசைகிறவன் ஒடிசா. இப்போது நடவுக்குக்கூட வடக்கேயிருந்து ஆட்கள் வருகிறார்கள். பிசான சாகுபடிக்குத் தண்ணீர் திறந்ததும் நாற்றைப் பிடுங்கிக்கொண்டு குலவையிட்டுப் போகும் எங்கள் ஊர்ப் பெண்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். அதே கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இன்று வேறு பாட்டு கேட்கிறது.

தளக்கல் பதித்த பையன்களில் சின்னவனுக்கு ஒருநாள் காய்ச்சல். மேஸ்திரி அவனை மருத்துவமனையில் விட்டுவிட்டு வேலையைப் பார்க்க வந்துவிட்டார். பையன் என்ன சொல்கிறான் என்று அங்கிருந்தவர்களுக்குப் புரியவில்லை, அவர்கள் கேட்டது இவனுக்குப் புரியவில்லை. ஆள் அனுப்பினார்கள். நான் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, எத்தனை நாளாகக் காய்ச்சல், வாந்தி உண்டா, சிறுநீர் போகிறதா என்று கேட்டேன். என் இந்தியைக் கேட்டதும் அவன் முகம் கோணி அழுகை வந்துவிட்டது. பதினெட்டு வயது இருக்கும். அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு பீஜியின் ஞாபகம்தான்.

இதைச் சொல்லும்போது ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடவேண்டும். இந்தியை யார் மேலும் திணிக்கக்கூடாது என்பதில் எனக்கு மாற்றுக்கருத்தே இல்லை. தலைநகரத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்த நான், நம் பிள்ளைகள் தம் மொழியைக் காப்பாற்ற எவ்வளவு பாடுபடவேண்டியிருக்கிறது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள். ஆனால் பிழைக்க வந்த இடத்தில் நோயாளி தன் வலியைச் சொல்ல முடியாமல் கிடப்பது எந்த ஊரில் நடந்தாலும் அநியாயம். அந்த அநியாயம் எனக்கு நேர இருந்தபோது ஒருத்தி குறுக்கே நின்றாள். நானும் நிற்கிறேன். இதில் அரசியல் அவ்வளவுதான்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பேரோடு நின்றுபோனது. மலையிலும் விடாத மழை. அணைகளிலிருந்து தண்ணீரைத் திறந்துவிடுவதைத் தவிர வேறு வழியில்லை. ஆற்றோரத் தாழ்வுகளிலெல்லாம் வெள்ளம் ஏறியது. மின்சாரம் இல்லை, கைப்பேசி இல்லை. ராத்திரி பக்கத்து வீட்டுப் பெண் நனைந்துகொண்டே வந்து கதவைத் தட்டினாள். "மதினி, கட்டட வேல பாக்க பயலுவ கொட்டகைக்குள்ள தண்ணி ஏறிட்டு. கோயில் மண்டபத்துல கொண்டாந்து விட்டிருக்கு. என்னத்தயோ கெடந்து சொல்லுதானுவ, ஒருத்தருக்கும் வெளங்கல. நீங்க வாரீயளா?"

போனோம். பெண்களும் குழந்தைகளுமாக ஒரு கூட்டமே இருந்தது. அவர்கள் அலறிக்கொண்டிருந்தது தங்களுக்காக இல்லை. கொட்டகைக்குப் பின்னால் ஒரு குடிசையில் நடக்கமுடியாத கிழவர் ஒருவர் தனியாக இருக்கிறார், எங்கள் ஊர்க்காரர்தான், அவரைத் தூக்கிவரவேண்டும் என்றுதான் கத்தியிருக்கிறார்கள். நான் சொன்னதும் எங்கள் தெருப் பையன்கள் நாலு பேரும் அவர்களில் இரண்டு பேரும் கயிற்றோடு போய், பெரியவரைக் கட்டிலோடு தூக்கிவந்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் தர்பங்காப் பக்கத்துப் பெண் ஒருத்தி, இடுப்பில் பெண்குழந்தையோடு, கொஞ்சமும் பதறாமல் இருந்தாள். எங்கள் ஊரில் கமலா ஆறு ஏறி வருவது புதிதில்லை என்றாள். அரிசியை எந்த உயரத்தில் வைக்கவேண்டும், குழந்தைகளுக்கு எந்தத் தண்ணீரைக் கொடுக்கக்கூடாது, பாம்பு எந்தப் பக்கமிருந்து வரும் என்று அவள் சொல்லச் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். மண்டபத்தில் இருந்த பெண்கள் அப்படியே செய்தார்கள். விடியும் நேரத்தில், கூட்டாஞ்சோறு கிண்டி எல்லோருக்கும் பரிமாறவேண்டியிருந்தது. யாரோ வாளியை எடுத்து என் கையில் கொடுத்தார்கள். யார் என்று பார்க்கக்கூட நேரமில்லை.

அதன்பிறகு என்னைத் தேடி ஆள் வருவது வழக்கமாகிவிட்டது. ரேஷன் கடைக்குப் போகிறேன். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டம் 2020-இல் இங்கே நடைமுறைக்கு வந்துவிட்டது, சொந்த மாநில அட்டையைக் காட்டி இங்கேயே அரிசி வாங்கலாம் என்பது இவர்களில் பலருக்குத் தெரியாது. அந்தத் தர்பங்காப் பெண்ணின் குழந்தையை அரசுப் பள்ளியில் சேர்த்தேன். காலை உணவுத் திட்டத்தில் காலையில் பொங்கல் போடுகிறார்கள். ஒரு மாதத்திலேயே அது எங்கள் வளவுப் பிள்ளைகள் பேசுவதுபோல "ஏட்டி, இங்ஙன வா" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. மொழி குழந்தைகளிடம் வெள்ளம் பள்ளத்துக்குப் போவதுபோலப் போய்விடுகிறது.

எங்கள் வீட்டின் தெருப்பக்கத்து அறை சும்மாதான் கிடந்தது. அதை அந்தக் குடும்பத்துக்கு வாடகைக்குக் கொடுத்தோம். பெரியம்மைக்குப் பெரிய வருத்தம். "வடக்கத்தியானுக்கு வீட்டக் குடுத்துட்டு நாளைக்கு என்னமும் ஒண்ணுன்னா யாருளா பொறுப்பு?" என்று தார்சாவில் நின்று சத்தம் போட்டாள். ஊர் என்ன நினைக்கும் என்று என் வீட்டுக்காரரும் யோசித்தார். கரோல்பாகில் எங்களுக்கு வீடு கொடுத்தவனிடமும் அவன் பெரியம்மை இதையேதான் கேட்டிருப்பாள் என்று நான் சொன்னேன். அவர் அதற்குமேல் பேசவில்லை. பெரியம்மை நெடுநாள் எங்கள் வாசற்படி ஏறவில்லை.

அவளை மறுபடி ஏறவைத்தது அப்பளம். அந்தத் தர்பங்காப் பெண், வீட்டில் இருந்தே செய்கிற வேலை ஏதாவது வேண்டும் என்று கேட்டாள். கல்லிடைக்குறிச்சியில் என் சித்தி மகள் அப்பளம் போடுகிறவள். அவளிடம் சொல்லி மாவு வாங்கிவந்து இட்டுக்கொடுக்க ஏற்பாடு செய்தேன். முதல் நாள் புறவாசலில் மனையைப் போட்டுக்கொண்டு அவள் தேய்ப்பதைப் பெரியம்மை தன் வீட்டு மதில் வழியாகப் பார்த்திருக்கிறாள். கொஞ்சநேரத்தில் இந்தப் பக்கம் வந்துவிட்டாள். வட்டம் சரியில்லை, ஓரம் கனமாக இருக்கிறது, இவள் என்ன சப்பாத்தியா தேய்க்கிறாள் என்று ஒரே குற்றம். தானே குழவியை வாங்கி, தொண்ணூறை நெருங்கும் அந்தக் கையால் காற்றில் பறக்கிற மாதிரி ஓர் அப்பளம் தேய்த்துக் காட்டினாள்.

இப்போது தினமும் வருகிறாள். பிரண்டைச் சாறு சேர்க்காத அப்பளம் அப்பளமே இல்லை என்பது அவள் கட்சி. மிளகைத் தட்டிப்போடாவிட்டால் அதைத் தின்ன யார் வருவார்கள் என்பது தர்பங்காவின் கட்சி. ஒருத்தி அம்பாசமுத்திரத் தமிழில் கத்துகிறாள், இன்னொருத்தி மைதிலியில் கத்துகிறாள். இரண்டு பேரும் விடுவதாக இல்லை. "ஏளா, அவகிட்டச் சொல்லு" என்று பெரியம்மை என் தோளைப் பிடித்து உலுக்குகிறாள். அடுத்த வாரம் இரண்டு விதமாகவும் பிசைந்து பொரித்துப் பார்ப்பது என்று முடிவாகியிருக்கிறது. பிரண்டை வெட்டிவர நான்தான் கால்வாய்க்கரைக்குப் போகவேண்டும்.